ஆனந்தமைடும் கஞ்சாவும் ஒன்றல்ல

நம் உடலில் உருவாகும் ஆனந்தமைடு என்ற வேதிப்பொருளைப் பற்றிய கட்டுரையில், “நம் உடலே கஞ்சாவைச் சுரக்கிறது” என்று கட்டுரையாளர் எழுதியிருப்பது, தருமபுரியில் வேதியியல் கற்பித்து ஓய்வுபெற்ற எனக்குச் சற்று நெருடுகிறது. 1992இல் ஜெருசலேமில் வேதியியலாளர் மெக்கூலமின் குழுவினர் கண்டறிந்த ஆனந்தமைடு (பெயரின் முற்பாதி நாமறிந்த ‘ஆனந்தம்’தான்) அராக்கிடோனிக் அமிலம் என்ற கொழுப்பமிலத்தின் வழித்தோன்றல்; அது நரம்பணுச் சவ்வின் கொழுப்பிலிருந்து தேவை எழும்போது உருவாகி, ஏற்பியை (வேதிச் சமிக்ஞையைப் பெறும் புரதத்தை) தூண்டியபின் நொதியால் விரைவில் சிதைக்கப்படுகிறது. கஞ்சாவில் போதை தரும் வேதிப்பொருளான டி.எச்.சி.யோ, சிபி1 எனப்படும் அதே ஏற்பியில், அவ்வாறு சிதையாமல், தேவையுள்ள இடமா என்று பாராது மணிக்கணக்கில் செயல்படுகிறது. ஆனந்தமைடைச் சிதைக்கும் அந்நொதியைத் தடுப்பதற்காக உருவாக்கப்பட்ட ஒரு மருந்தை பிரான்சின் ரென் நகரில் சோதித்தபோது, 2016 ஜனவரியில் தன்னார்வலர் ஒருவர் இறந்தார்; அம்மருந்து கொழுப்பைக் கையாளும் வேறு நொதிகளையும் முடக்கியது என்பது பின்னர் ஆய்வில் தெரிந்தது. கட்டுரையில் இதற்கு ஒரு வரியேனும் ஒதுக்கியிருக்கலாம்.