ஹேண்ட்பேன் பழசானால் நாதம் கூடுமா?

ஹேண்ட்பேன் என்பது கையால் தட்டி வாசிக்கிற எஃகு வாத்தியம். "வயலின் மாதிரிதான், பழசாக ஆக நாதம் கூடும், நிறைய வாசித்த ஹேண்ட்பேனைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்" என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். தயவுசெய்து அப்படி வாங்கிவிடாதீர்கள். மரத்துக்குச் சொல்கிற பேச்சு எஃகுக்குப் பொருந்தாது.

இதில் சுருதி சுத்தியலால் தட்டித் தட்டி உண்டாக்கியது. ஒவ்வொரு சுரக் குழியிலும் அடிச்சுரம், அதன் மேல்ஸ்தாயி, அதற்கும் மேலே பஞ்சமம் என்று மூன்றையும் சேர்த்து வைத்திருப்பார்கள். ஓங்கி அடித்து வாசித்தாலோ, கீழே போட்டாலோ, வெயிலில் காருக்குள் விட்டாலோ இவற்றில் ஒன்று நகர்ந்துவிடும். பாட்டு வாசித்துக் காட்டினால் அது தெரியாது. ஒவ்வொரு சுரத்தையும் தனியாக, மெதுவாகத் தட்டி, ஒலி அடங்கும்வரை கேளுங்கள். நடுவில் அலையடித்தால் சுருதி பிசகியிருக்கிறது. மறுபடி சேர்க்கலாம்தான், ஆனால் தேர்ந்த கை வேண்டும், செலவும் உண்டு.

ட்யூனர் செயலி வைத்துப் பார்ப்பவர்கள் முதலில் அதன் A சுரத்தை 440 ஹெர்ட்ஸுக்குச் சேர்த்ததா 432-க்குச் சேர்த்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள். 432-க்குச் சேர்த்த ஹேண்ட்பேன், 440 வைத்த ட்யூனரில் எல்லாச் சுரத்திலும் சுமார் 32 சென்ட் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) இறங்கியே காட்டும். அது கோளாறு இல்லை. அப்புறம், அடித்துளை வழியாக உள்ளே டார்ச் அடித்துத் துரு இருக்கிறதா பாருங்கள். நைட்ரைடு செய்த (நைட்ரஜன் ஏற்றி மேற்பரப்பைக் கடினமாக்கிய) எஃகு என்றால் கட்டாயம்.

ஹேண்ட்பேனுக்கு முன்னோடியான, சுவிட்சர்லாந்தின் பெர்னில் செய்த பழைய ஹாங் பெரிய விலைக்குப் போவதால் இந்தப் பேச்சு கிளம்பியிருக்கலாம். அதைச் செய்த பனார்ட் நிறுவனம் 2013-லேயே அதைச் செய்வதை நிறுத்திவிட்டது. கிடைக்காத பொருளுக்கான விலை அது.