எலிசன் தோற்கவுமில்லை, நியமிக்கப்படவுமில்லை

"2018-ல் இல்ஹான் ஒமரிடம் தோற்ற கீத் எலிசனுக்கு ஆளுநர் வால்ஸ் அட்டர்னி ஜெனரல் பதவியைக் கொடுத்தார்" என்று அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தைப் பற்றி ஒருவர் எழுதியிருக்கிறார் (அட்டர்னி ஜெனரல் என்பவர் மாநில அரசின் தலைமை வழக்கறிஞர்). இரண்டும் தவறு.

அமெரிக்க நாடாளுமன்றக் கீழவைக்கான மின்னசோட்டாவின் 5-ஆவது தொகுதியில் எலிசன் 2006 முதல் 2016 வரை ஆறு தேர்தல்களிலும் வென்றவர். 2018-ல் அங்கே அவர் நிற்கவே இல்லை. காலியான இடத்தில்தான் ஒமர் வந்தார். அட்டர்னி ஜெனரல் அங்கே நியமனப் பதவி அல்ல, நான்கு ஆண்டுக்கொருமுறை மக்கள் வாக்களிப்பது. 2018-ல் எலிசன் அந்தப் பதவிக்கு நின்று வென்றார். வால்ஸ் ஆளுநரானதே அதே தேர்தலில்தான், பிறகு எப்படி நியமிப்பார்? 2022-ல் எலிசன் மீண்டும் வென்றார், ஒரு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில்.

குழப்பம், 2020-ல் போலீஸார் பிடியில் இறந்த கறுப்பினத்தவர் ஜார்ஜ் ஃபிளாய்டின் கொலை வழக்கிலிருந்து வந்திருக்கலாம். அங்கே குற்ற வழக்குகளை நடத்துவது பொதுவாகக் கவுண்டியின் (மாவட்டம் போன்ற பகுதி) அரசு வழக்கறிஞர்தான். ஆளுநரோ கவுண்டி வழக்கறிஞரோ கேட்டால்தான் அட்டர்னி ஜெனரல் உள்ளே வருவார். ஃபிளாய்டைக் கொன்ற போலீஸ்காரர் டெரெக் சாவின் மீது முதல் குற்றச்சாட்டைப் பதிந்தது ஹென்னப்பின் கவுண்டி. 2020 மே 31 அன்று வால்ஸ் அந்த வழக்கை எலிசனிடம் ஒப்படைத்தார். ஜூன் 3-ல் சாவின் மீதான குற்றச்சாட்டு இன்னும் கடுமையான இரண்டாம் நிலைக் கொலையாக உயர்த்தப்பட்டது, உடனிருந்த மற்ற மூன்று போலீஸாரும் சேர்க்கப்பட்டனர். ஆளுநர் கொடுத்தது வழக்கை, பதவியை அல்ல.