அமிலத்தில் அதிக நேரம் வைத்தால் பலம் கூடிக்கொண்டே போகாது
எபாக்சி என்ற பிசினோடு சேர்த்துப் பாகங்கள் செய்யப் பயன்படும் கார்பன் இழையை, பிசின் நன்றாக ஒட்டுவதற்காக நைட்ரிக் அமிலத்தில் எவ்வளவு நேரம் வைக்கிறோமோ அவ்வளவு பலம் கூடும் என்று மேலே உள்ள கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. எம்.டெக். புராஜெக்டுக்காக நானே செய்து பார்த்தேன். அமிலத்தில் போடாத மாதிரியை உடைத்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால், இழைகள் பிசினிலிருந்து மொட்டையாக உருவிக்கொண்டு வந்திருந்தன. ஒரு மணி நேரம் சூடான அமிலத்தில் வைத்ததில் எபாக்சி திட்டுத்திட்டாக இழையோடு பிடித்திருந்தது. சரி, இன்னும் வைப்போம் என்று ஆறு மணி நேரம் விட்டேன். கழுவும்போதே இழைகள் துண்டு துண்டாக விரலில் ஒட்டின! ஓர் இழையே சுமார் 7 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஏழு பங்கு) தடிமன்தான். அமிலம் மேற்பரப்பில், பிசினைப் பிடிக்க உதவும் கார்பாக்சில், ஹைட்ராக்சில் என்ற அணுத் தொகுதிகளைச் சேர்ப்பதோடு நிற்பதில்லை, குழியும் பறிக்கிறது. அந்தக் குழியில்தான் இழை முறிகிறது. அப்புறம், ஒட்டுதல் அளவுக்கு மீறினாலும் ஆபத்து: விரிசல் இழையோரமாகத் திசை மாறாமல் நேராக ஊடுருவி, பாகம் சட்டென்று உடையும். தொழிற்சாலைகளில் பெரும்பாலும் அமிலத்தில் ஊறவைப்பதில்லை. அமோனியம் பைகார்பனேட் போன்ற கரைசலில் இழையையே நேர்மின்முனையாக்கி மின்சாரம் செலுத்தி, சிறிது நேரத்தில் முடித்துவிடுகிறார்கள். மேலே பின்னூட்டத்தில் ஒருவர், இழைமேல் பூசும் சைசிங் என்ற மெல்லிய பாதுகாப்புப் பூச்சு வீண்செலவு என்கிறார். அது இல்லாவிட்டால் நெசவிலேயே இழை பஞ்சாகப் பிரிந்துவிடும்.