தை மாசத் தீயும் பங்குனித் தீயும்

உறைபனி முடிந்து வெயில் ஏறத் தொடங்கிவிட்டது. எங்கள் ஊருக்கு மேலே இருக்கும் புல்மலை இப்போதே சாக்கு நிறத்துக்கு வந்துவிட்டது. வருஷா வருஷம் இந்த நேரத்தில் ஒரு வாக்குவாதம் கிளம்பும். காட்டுத்தீ வருவதற்கு முன்னால் நாமே அளவாக எரித்துவிட்டால் என்ன? "அந்தக் காலத்தில் எரித்தார்கள், காடு நன்றாகத்தானே இருந்தது" என்று ஒரு கட்சி. "காட்டுக்கு யாராவது தீ வைப்பார்களா" என்று இன்னொரு கட்சி. நான் கோத்தகிரிப் பக்கம் கொஞ்சம் தேயிலை வைத்திருக்கிறவன், மசினகுடிப் பக்கம் இருபது வருஷமாகப் போய் வருகிறவன். நீலகிரி முழுக்க ஒரே காடு என்பதுபோல் ரெண்டு கட்சியும் பேசுவதுதான் எனக்குத் தாங்கவில்லை.

முதலில் கீழே இருக்கும் காட்டைப் பார்ப்போம். முதுமலை, மசினகுடி எல்லாம் இலையுதிர் காடு. மழைக்காலத்தில் ஆள் உயரத்துக்குப் புல் வளர்ந்து, தை பிறந்ததும் காய்ந்து நிற்கும். தேக்கும் மற்றதும் இலையைக் கொட்டி அதன்மேல் மூடிவிடும். 2019 பிப்ரவரியில் பக்கத்துப் பந்திப்பூரில் 10,000 ஏக்கருக்கு மேல் எரிந்ததே, அது இந்த மாதிரிக் காடுதான். அங்கே தீயே வராமல் பார்த்துக்கொள்கிறேன் என்று யாராலும் சொல்ல முடியாது. எப்போது வரும், எவ்வளவு சூடாக வரும் என்பதில்தான் நம் கை கொஞ்சம் இருக்கிறது.

சில வருஷம் முன்னால் ஒரு தை மாசக் காலையில் தீத்தடுப்புக் கோடு எரிக்கிற ஆட்களோடு போயிருந்தேன். ரெண்டு பக்கமும் புல்லைச் செதுக்கிவிட்டு நடுவில் இருக்கும் பட்டையை மட்டும் எரிப்பார்கள். எல்லார் கையிலும் பச்சைக் கிளை. அதில் ஒரு இருளர் பெரியவர், தீப்பந்தம் வைத்திருந்த பையனை நிறுத்திவிட்டு, ஒரு கைப்பிடிப் புல்லைப் பிடுங்கி முறுக்கிப் பார்த்தார். ஒடியவில்லை, வளைந்தது. மண்ணைக் கொஞ்சம் தூவிக் காற்றைப் பார்த்தார். அப்புறம்தான் "வெய்யி" என்றார். தீ முழங்கால் உயரத்துக்கு மேல் எழவே இல்லை, நாம் நடக்கிற வேகத்துக்குத்தான் வந்தது. புல்லிலிருந்து தாவும் பூச்சிகளைப் பிடிக்கக் கரிச்சான் குருவிகள் புகைக்குள்ளேயே பாய்ந்து பாய்ந்து போயின. ஒன்பது மணி வாக்கில் காற்று எழுந்ததும் போதும் என்று நிறுத்திவிட்டார். எரிந்த இடத்தில் சாம்பலைத் தள்ளி விரலை வைத்துப் பார்த்தேன், அடிமண் குளிர்ச்சியாகவே இருந்தது. "தையில வெச்சா புல்லு மட்டும் வேகும் தம்பி, பங்குனியில வெச்சா வேரும் சேர்ந்து வேகும்" என்றார். இந்த விஷயத்தில் நான் கேட்டதிலேயே தெளிவான பேச்சு அதுதான்.

கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையில் சோலிகர் பழங்குடிகளும் இதைத்தான் செய்துவந்தார்கள். சருகுத்தீ என்ற அர்த்தத்தில் 'தரகு பெங்கி' என்பார்கள். 1974-ல் அந்த மலை சரணாலயம் ஆனபிறகு அதை நிறுத்தியாயிற்று. தீயை நிறுத்தியதால்தான் உண்ணிச்செடி (லாண்டானா) என்ற அந்நியப் புதர் காட்டை மூடிவிட்டது என்பது அங்குள்ள பெரியவர்களின் வாதம். ஆராய்ச்சியாளர்களில் சிலர் நேர் எதிராகச் சொல்கிறார்கள்: அடிக்கடி தீ வந்து காடு திறந்துபோவதால்தான் உண்ணிச்செடி நுழைகிறது, நுழைந்தபின் அதுவே அடுத்த தீக்கு எரிபொருளாகிறது. நான் பார்த்தவரை ரெண்டு பேர் சொல்வதும் பொய்யில்லை, அவர்கள் பேசுவது வேறு வேறு தீயைப் பற்றி. ஆனால் ஏற்கெனவே உண்ணி அடைந்து கிடக்கும் இடத்தில் தீ வைப்பது தப்பு. அது பச்சையாகவே எரியும், மரத்தின்மேல் ஏறிப் படர்ந்திருப்பதால் தரையில் போக வேண்டிய தீயை ஏணி வைத்த மாதிரி உச்சிக்குக் கொண்டுபோய்விடும். அங்கே ஆள் விட்டு, வேர்க்கழுத்துக்குக் கீழே வெட்டி, தலைகீழாகப் போட வேண்டும். கூடலூர்ப் பக்கத்துப் பழங்குடிக் கைவினைஞர்கள் அந்தத் தண்டுகளை வேகவைத்து வளைத்துச் செய்த யானைகள் 2021-ல் லண்டன் பூங்காக்களில் நின்றன. மேசை, நாற்காலியும் செய்கிறார்கள். கூலி கொடுத்தால் வேலை நடக்கும்.

இனி மேல்மலை. தோடர்கள் எருமை மேய்ச்சலுக்காகப் புல்வெளியை எரித்து வந்தவர்கள். புல்லில் ஓடும் தீ சோலையின் ஈர விளிம்பில் வந்து தானே அடங்கும். அந்தப் புல்வெளியின் பெரும்பகுதியில் இப்போது சீகையும் (வாட்டில் மரம்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) நிற்கின்றன. விறகுக்கு என்று வெள்ளைக்காரன் தொடங்கியதை, தோல் பதனிடவும் காகிதக் கூழுக்கும் என்று நம் அரசாங்கமும் தொடர்ந்து நட்டது. ரெண்டுமே ஆஸ்திரேலியச் சரக்கு, தீயோடு பழகியவை. இங்கே எரிக்கலாம் என்று சொல்கிறவர்களுக்கு எங்கள் வீட்டுக் கதையையே சொல்கிறேன்.

எங்கள் அப்பா ஒரு மாசி மாசம் தேயிலைச் செடியை வெட்டிவிட்ட கவாத்துக் குச்சிகளைக் குவித்துத் தீ வைத்தார். எல்லாரும் செய்வதுதான். மத்தியானக் காற்றில் ஒரு பொறி பறந்து வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த சீகைக்குள் விழுந்தது. பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து கிளையால் அடித்து இருட்டுகிற நேரத்தில்தான் அணைத்தோம். எரிந்தது அரை ஏக்கர்கூட இருக்காது. அடுத்த ஆனி மழையில் போய்ப் பார்த்தால் கீரை விதைத்த பாத்தி மாதிரி அரை ஏக்கரும் சீகைக் கன்று, கால் வைக்க இடமில்லை. அதன் விதைக்கு ஓடு கெட்டி. மண்ணுக்குள் எத்தனையோ வருஷம் அப்படியே கிடக்கும், சூடு பட்டால் வெடித்து முளைக்கும். ஆகவே சீகைக்காட்டை எரிப்பது சீகையை விதைப்பதற்குச் சமம். மரத்தை வெட்டி அப்புறப்படுத்தி, நாலைந்து வருஷம் விடாமல் கன்றைப் பிடுங்கி, புல்லை மீட்க வேண்டும். அதற்கப்புறம் தை மாசத் தீயைப் பற்றிப் பேசலாம்.

வெளிநாட்டில் செய்கிறார்களே என்று கேட்பார்கள். செய்கிறார்கள். 2022-ல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் வனத்துறையே திட்டம் போட்டு வைத்த தீ கை மீறி, 3,40,000 ஏக்கருக்கு மேல் எரிந்தது. தேசம் முழுக்க இந்த வேலையை 90 நாள் நிறுத்திவைத்தார்கள், அப்புறம் விதிகளைத் திருத்திக்கொண்டு திரும்பவும் ஆரம்பித்தார்கள். அவ்வளவு வசதி இருந்தும் இப்படி ஆகும் என்பதை மறக்கக் கூடாது. அதிலும் நம் சரிவுகளில் தீ மேல்நோக்கி ஓடும் வேகம் பயங்கரம், 10 டிகிரி ஏற்றத்துக்கு இரட்டிப்பாகும் என்பது ஒரு கணக்கு. 2018 மார்ச்சில் குரங்கணியில் மலையேறப் போன 20 பேருக்கு மேல் செத்தது காய்ந்த புல் சரிவில்தான்.

2024 மார்ச்சில் குன்னூர்ப் பக்கம் காடு எரிந்தபோது விமானப்படை ஹெலிகாப்டர் வந்து சுமார் 16,000 லிட்டர் தண்ணீர் ஊற்றியது. நன்றியோடுதான் பார்த்தோம். ஆனால் அது ரெண்டு பெரிய தண்ணீர் லாரி கொள்ளும் தண்ணீர்தான். தீயை உண்மையில் நிறுத்துவது பச்சைக் கிளையோடு சரிவில் நிற்கும் அந்தத் தீத்தடுப்புக் காவலர்கள். நான் பார்த்த குழுவில் பாதிப்பேர் காலில் ரப்பர் செருப்பு. கூலி ரெண்டு மாசம் பாக்கி என்று ஒருவர் என்னிடம் சொன்னார்.

1882-ம் வருஷத்துத் தமிழ்நாடு வனச் சட்டப்படி காப்புக்காட்டில் தீ வைப்பது குற்றம். அது இருக்கட்டும், கண்டவனும் தீப்பெட்டியோடு காட்டுக்குள் போக நான் கேட்கவில்லை. வனத்துறை முன்னால் நின்று செய்யட்டும். ஆனால் எந்தத் துண்டை எரிப்பது, எதை விடுவது, எந்தக் காலையில் என்பதை முடிவு செய்யும்போது புல்லை முறுக்கிப் பார்க்கத் தெரிந்தவர் மேசையில் உட்கார்ந்திருக்க வேண்டும், தினக்கூலியாக வரிசையில் மட்டும் நிற்கக் கூடாது. அவர்களுக்குப் பூட்ஸும் பாக்கிக் கூலியும் மார்கழிக்குள் போய்ச் சேர வேண்டும், தீ வந்தபிறகு கோப்பு நகர்த்திப் பயனில்லை.

அப்புறம் என்னைப் போன்ற தேயிலைக்காரர்களுக்கு. நாங்கள் இப்போது கவாத்துக் குச்சியை எரிப்பதில்லை. வரிசைக்கு நடுவில் பரப்பி விடுகிறோம், மக்கிவிடுகிறது. இந்த மாசம் கவாத்து எடுக்கிறவர்கள் தயவுசெய்து குவித்து வைக்காதீர்கள்.