தொட்டி மாற்றிய அன்றே பாம் செடிக்கு உரம் போடலாமா?
தொட்டி மாற்றிய கையோடு அரிக்கா பாமுக்கு ஒரு ஸ்பூன் டிஏபி என்ற ரசாயன உரம் போட்டு வெயிலில் வைத்தால் வேர் சீக்கிரம் பிடிக்கும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு, தயவுசெய்து செய்யாதீர்கள். மண் மாற்றும்போது நுனி வேர்கள் பல அறுந்துவிடும், தண்ணீரை உறிஞ்சுவதே பெரும்பாலும் அவைதான். அந்த நிலையில் உரத்தின் உப்பும் சேர்ந்தால் வேர் கருகி, ஓலை நுனி பழுப்பாகிவிடும். முதலில் நன்றாகத் தண்ணீர் விட்டு, நேர் வெயில் படாத ஜன்னலோரம் வையுங்கள். அப்புறம் விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள், மேல்மண் காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். உரம் ஒன்றரை மாதம் கழித்துப் போதும். அடி ஓலை ஒன்றிரண்டு மஞ்சளானால் பதறி வெட்டாதீர்கள், அதிலிருக்கும் சாம்பல் சத்தை (பொட்டாசியம்) செடி புதுக் குருத்துக்கு இழுத்துக்கொள்ளும், முழுக்கக் காய்ந்த பிறகு வெட்டலாம்.