படகில் குடித்தனம் சரி, பராமரிப்பு?
மலேசியாவின் லங்காவித் தீவுத் துறைமுகத்தில் பாய்மரப் படகையே வீடாக்கிக்கொண்ட ஓய்வுபெற்ற தம்பதி பற்றிய உங்கள் கட்டுரையைக் குளச்சலில் இருந்து படித்தேன். வாடகை மிச்சம், காப்பியோடு கடல் பார்ப்பது எல்லாம் சரி. ஆனால் படகின் அடியில் ஒட்டும் பாசி, சிப்பியை ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே! வெதுவெதுப்பான கடலில், அதுவும் நகராமல் கட்டிக் கிடக்கும் படகில், அவை மளமளவென்று ஏறும். கரையேற்றிச் சுரண்டி, செம்பு கலந்த பெயின்ட் அடிக்க வேண்டும். செலவு அங்கேதான்.

எங்கள் தூத்தூர் பக்கத்து ஆழ்கடல் மீனவர்களும் வாரக்கணக்கில் படகிலேயே சமைத்து உறங்குகிறவர்கள்தான். அதை யாரும் சொகுசு என்று எழுதுவதில்லை.

லங்காவியைப் பிடித்தது புத்திசாலித்தனம். பூமத்திய ரேகைக்கு அவ்வளவு பக்கத்தில் புயல் அபூர்வம், சுமத்ராவின் மறைவும் உண்டு. இங்கே 8 டிகிரி அட்சரேகையில் இருந்தும் 2017இல் ஒக்கி எங்களை விடவில்லை. ஆனி, ஆடியில் நம் மேற்குக் கரையில் நங்கூரம் போட்டுத் தூங்கவும் முடியாது.

ஆனால் 2004 சுனாமி குளச்சலை அழித்த அதே நாளில் லங்காவியில் இப்படிப் படகுகள் கட்டி நிற்கும் மெரினாக்களையும் உடைத்தது. அப்படி எச்சரிக்கை வந்தால் இந்த வயதில் இருவரும் படகை ஆழத்துக்கு எடுப்பார்களா, கரைக்கு ஓடுவார்களா? அடுத்த பகுதியில் கேட்டு எழுதுங்கள்.