நிலத்தைக் கொடுக்க மறுத்தால் குண்டரா?

திருவண்ணாமலை மாவட்டம் மேல்மாவில் ஆறு பேர் மீதான குண்டர் சட்டத்தைத்தான் அரசு திரும்பப் பெற்றுவிட்டதே, இன்னும் எதற்குப் புலம்புகிறீர்கள் என்று 2023 நவம்பரில் உட்பெட்டியில் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். பெருந்தன்மைக்கு நன்றி சொல்ல வேண்டுமாம். செய்யாறு சிப்காட் என்ற அரசுத் தொழிற்பேட்டையின் விரிவாக்கத்துக்கு நிலம் தரமாட்டோம் என்று போராடிய விவசாயிகளை உள்ளே தள்ளிவிட்டு, பிறகு கதவைத் திறந்துவிட்டதற்கு நன்றி!

1982ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். கள்ளச்சாராயம் காய்ச்சுபவர், மணல் திருடுபவர் என்று நீளும் அதன் பெயரிலேயே குடிசைப் பகுதி நிலத்தை அபகரிப்பவரும் இருக்கிறார். நிலம் பறிப்பவரை ஓராண்டு வரை அடைத்துவைக்க இயற்றிய சட்டம், நிலத்தை விடமாட்டேன் என்றவர்மேல் பாய்ந்திருக்கிறது.

நான் சொல்வது ஒன்றுதான். எடுப்பதற்கு முன் உரியவரைக் கேளுங்கள். தனியார் நிறுவனத்துக்கு எடுத்தால் 80 சதவீதம் பேர் சம்மதிக்க வேண்டும், சமூகத் தாக்க மதிப்பீடு நடத்த வேண்டும் என்று 2013ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் சொல்கிறது. அந்தத் தொல்லையே வேண்டாமென்று, சிப்காட்டுக்கு நிலம் எடுக்கப் பயன்படும் 1997ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளிட்ட மூன்று மாநிலச் சட்டங்களுக்கு அதிலேயே சேர்த்த 105ஏ பிரிவின் மூலம் விலக்கு வாங்கினோம். 2019இல் உயர் நீதிமன்றம் அதைச் செல்லாது என்றதும், அந்த ஆண்டே புதுச் சட்டம் போட்டு மூன்றுக்கும் உயிர் கொடுத்தோம். 1997இல் ஆண்டது ஒரு கழகம், 2019இல் ஆண்டது மற்றொரு கழகம். விவசாயியைக் கேட்கக் கூடாது என்பதில் மட்டும் என்ன ஒற்றுமை!

வளர்ச்சிக்கு எதிரி என்பீர்கள். செய்யாறு சிப்காட்டின் காலணித் தொழிற்சாலைகளால் எத்தனையோ பெண்களின் கையில் மாதச் சம்பளம் புழங்குகிறது என்பதை நான் மறுக்கவில்லை. அதற்காக அடுத்த ஊர்க்காரரின் நிலத்தை அவரைக் கேட்காமல் அளக்கலாம் என்று ஆகிவிடுமா? நல்ல விலை தருகிறார்களே என்பவர்களுக்குத்தான் எனக்குக் கூடுதலாகச் சொல்ல இருக்கிறது.

என் சித்தப்பாவின் நிலம் புறவழிச்சாலைக்குப் போனது. கிணறும் மோட்டாரும் இருந்த அந்த நிலம், கிராமப் பயிர்க் கணக்கான அடங்கலில் தரிசு என்று இருந்தது. மழை பொய்த்த ஏதோ ஒரு பசலி ஆண்டில் எழுதியதை ஆண்டுதோறும் அப்படியே படியெடுத்து வந்திருக்கிறார்கள். திருத்தக் கேட்டால், "பார்த்துச் செய்யுங்கள்" என்றார்கள். காய்த்துக்கொண்டிருந்த தென்னைகளின் தூரில் சிவப்புப் பெயின்ட்டால் எண் போட்டுவிட்டுப் போனவர்கள், பட்டியலில் அவற்றைத் தென்னங்கன்றுகள் என்று எழுதியிருந்தார்கள். உரியவர்களைக் கவனித்த பக்கத்து நிலத்துக்காரரின் கன்றுகளோ பட்டியலில் மரங்களாகிவிட்டிருந்தன. கடைசியில் இழப்பீட்டுப் பணம் வங்கியில் ஏறிய வாரமே, கோப்பை நகர்த்திய தரகர் தம் பங்குக்காகச் சித்தப்பா வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். மறுக்கும் உரிமை இல்லாதவரிடம் யாரும் எதையும் கேட்டு வாங்கலாம் என்பதை அந்தத் திண்ணையில்தான் பார்த்தேன். நல்ல விலையாம், நல்ல விலை.

மேல்மா விவசாயிகளை வெளியூர்க்காரர் தூண்டிவிட்டார் என்ற வாதத்துக்கு நான் பதில் சொல்வதாக இல்லை. தன் நிலம் போகப்போகிறது என்பதை ஒரு விவசாயிக்கு வெளியூரிலிருந்து வந்து யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

உண்மையில் என்னை வருத்துவது அரசு அல்ல. 2018இல் சேலம் எட்டு வழிச்சாலைக்காகக் கல் நட்டபோது, அழுதபடி வயலில் நின்ற பெண்களின் படங்களை நாளெல்லாம் பகிர்ந்த நண்பர்கள் மேல்மாவுக்கு வாயே திறக்கவில்லை. எட்டு வழிச்சாலை என்றால் அராஜகம், சிப்காட் என்றால் தொழில் வளர்ச்சி. நடுவில் மாறியது ஆட்சி மட்டும்தான். இதைக் கேட்டதற்கு, "நீங்களும் அந்தப் பக்கம் போய்விட்டீர்களா?" என்று இருபது ஆண்டு நண்பர் ஒருவர் எழுதினார். எந்தப் பக்கம், ஐயா? சித்தப்பாவுக்கு எந்தக் கட்சி அந்த நிலத்தைத் திருப்பித் தந்தது?

ஆறு பேருக்கு நன்றி கேட்டவர்களே, குண்டர் சட்டம் பாய்ந்தது ஏழு பேர்மேல். ஏழாமவரை ஏன் அன்றே விடவில்லை?